குழலும் முரசும் கொண்டு பிள்ளைகளைச் சேர்த்த குருவானவர்



ஜூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வரலாறு எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, நமது நினைவில் முதலில் வந்த பெயர் தொன் போஸ்கோ. நம் பங்கின் பாதுகாவலர் அவரல்லவே என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. ஜூபிலிச் செலவைப் பற்றிப் பங்குப் பேரவை கூடிப் பேசிய நாள் முதல், பேண்டு வாத்தியங்களுக்குப் பணம் ஒதுக்கலாமா, அதைக் கோயில் கூரைக்கே செலவிடலாமா என்ற விவாதம் வீட்டுக்கு வீடு நடந்து வருகிறது. கூரையை வேண்டாமென்று யார் சொல்வார்? சேர்வராயன் மலையில் பெய்கிற மழையை நாமும்தான் நனைந்து அறிவோம். ஆயினும், கூரையே இல்லாத காலத்திலும் பிள்ளைகளின் கையில் வாத்தியம் கொடுத்த ஒரு குருவானவரின் கதையை இந்நேரத்தில் எடுத்துச் சொல்வது பொருத்தமென்று கருதினோம்.

யோவான் போஸ்கோ 1815 ஆகஸ்ட் 16ஆம் நாள், வட இத்தாலியில் பியெமோந்தே நாட்டிலுள்ள பெக்கி என்னும் குக்கிராமத்தில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது நிறையுமுன்பே தந்தை பிரான்சிஸ் நிமோனியாக் காய்ச்சலில் இறந்துபோனார். தாய் மார்கரீத்தம்மாள் எழுத்தறியாதவர். மூத்தாள் மகன் அந்தோணி, தம் மக்கள் சூசை, யோவான், வயது முதிர்ந்த மாமியார் ஆகிய எல்லாரையும் கொஞ்ச நிலத்தை உழுது காப்பாற்றினார். அந்தோணிக்குத் தம்பி படிப்பது பிடிக்கவில்லை. மண்வெட்டி பிடிக்க வேண்டிய கையில் புத்தகம் எதற்கு என்பது அவன் எண்ணம். காப்பித் தோட்டங்களில் வேலை செய்து பிள்ளைகளை மலையிறக்கிப் படிக்க அனுப்பிய நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த வீட்டுச் சண்டையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சிறுவன் யோவான் சந்தைகளுக்குப் போய்க் கழைக்கூத்தாடிகளையும் செப்படி வித்தைக்காரரையும் கண் கொட்டாமல் பார்ப்பான். வீட்டுக்கு வந்து, விழுந்து எழுந்து, அதையெல்லாம் தானே பழகிக்கொள்வான். ஞாயிறு மாலைகளில் இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, அதன்மேல் நடந்து காட்டுவான். வேடிக்கை பார்க்க ஊரே திரளும். கட்டணம் காசு அல்ல. முதலில் செபமாலை சொல்ல வேண்டும், காலையில் கோயிலில் கேட்ட பிரசங்கத்தை அவன் திருப்பிச் சொல்வதைக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகே வித்தை. இந்த ஏற்பாட்டை அவர் கடைசிவரை மாற்றவில்லை என்றே சொல்லலாம். பிற்காலத்தில் கயிற்றின் இடத்தில் பேண்டு வந்தது, அவ்வளவுதான்.

1831இல் கஸ்தெல்நுவோவோ ஊரில் படிக்கச் சென்றபோது, ரொபேர்த்தோ என்னும் தையற்காரர் வீட்டில் தங்கினார். அந்தத் தையற்காரர் கோயிலில் பாடுகிறவர். பகலில் படிப்பு, ஓய்ந்த நேரத்தில் ஊசி நூல், அதற்கிடையே பாட்டு. சீக்கிரத்தில் மாணவர் யோவானும் பாடகர் வரிசையில் நின்றார். வயலினும் ஆர்கனும் ஓரளவு கற்றுக்கொண்டார். இசைக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே ஆண்டில் கியேரி நகருக்குப் படிக்கச் சென்றார். அங்கே தோழர்களைச் சேர்த்து 1832இல் ஒரு சங்கம் தொடங்கினார். அதன் பெயரே மகிழ்ச்சிச் சங்கம். சட்டங்கள் இரண்டே: கிறிஸ்தவனுக்குத் தகாத சொல்லும் செயலும் கூடாது; பள்ளிக் கடமையையும் ஞானக் கடமையையும் சரிவரச் செய்ய வேண்டும். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறவனுக்கு அதில் இடமில்லை.

இந்தச் சங்கத்தின் காலத்தில்தான் அந்தப் புகழ்பெற்ற போட்டி நடந்தது. கியேரிக்கு ஒரு வித்தைக்காரன் வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் நேரத்திலேயே வித்தை காட்டினான். இளைஞரெல்லாம் கோயிலை விட்டு அவன் பக்கம் போய்விட்டனர். சொல்லிப் பார்த்தும் அவன் கேட்கவில்லை. யோவான் அவனுடன் பந்தயம் கட்டினார். முதற்பந்தயம் ஓட்டம், 20 லீரா. யோவான் முந்தினார். அடுத்தது வாய்க்கால் தாண்டுவது, 40 லீரா. அக்கரையில் ஒரு சிறு மதில். வித்தைக்காரன் மதிலோரம் வரை தாண்டிவிட்டான். அதற்குமேல் தாண்ட இடமேது? யோவான் அதே இடத்துக்குத் தாவி, மதிலின்மேல் கைகளை ஊன்றி அப்பாலே குதித்தார். மூன்றாவது, கோலை விரல் நுனியிலும் தோளிலும் நெற்றியிலும் நிறுத்தி ஆடச் செய்வது, 80 லீரா. பாவம், வித்தைக்காரனின் கோல் அவனுடைய நீண்ட மூக்கிலேயே தட்டி விழுந்தது. கடைசியில் மரம் ஏறுவது, 100 லீரா. அவன் மரம் வளைகிறவரை ஏறி இறங்கினான். அதற்குமேல் ஏறினால் மரம் முறியும். யோவான் அதே உயரத்துக்கு ஏறி, கைகளால் கிளையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகக் கால்களை மேலே உயர்த்தினார். கால் அளவில் அவரே உயரம்!

ஆக 240 லீரா. அந்த மனிதனிடம் இருந்ததெல்லாம் அதுவே. யோவானும் தோழர்களும் அவனை அழவிட்டுப் போகவில்லை. சங்கத்தார் 22 பேருக்கும் ஒரு விருந்து கொடுத்தால் போதும் என்றார்கள். விருந்துக்கு 25 லீரா செலவாயிற்று. மீதி 215 லீராவும் அவன் கைக்கே திரும்பிப் போயிற்று. அவனும் அந்த மாணவர்களை வாழ்த்திவிட்டுப் போனான். நமது மறைவட்டப் பேண்டு போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றதற்காக, முதற்பரிசு பெற்ற குழுவோடு பேச மறுத்த வீரர்கள் இந்தப் பகுதியை இருமுறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். போட்டி வேண்டாமென்று நாம் சொல்லமாட்டோம். போட்டி இல்லாவிட்டால் நவம்பர் மாதத்து மூடுபனியில் மாலை ஆறு மணிக்கு எந்தப் பையன் பயிற்சிக்கு வருவான்? ஜெயித்த பின்பு தோற்றவனோடு ஒரே பந்தியில் உட்காரத் தெரிய வேண்டும். அதையும் சேர்த்துத்தான் யோவான் போட்டி என்று எண்ணினார்.

1835இல் அங்கி தரித்துக் குருமடத்தில் சேர்ந்தார். விடுமுறையில் ஒரு திருநாளன்று மாமா வீட்டார் விருந்துக்கு அழைத்து, சாப்பாட்டுக்குப் பின் வயலின் வாசிக்கும்படி வற்புறுத்தினார்கள். தட்ட முடியாமல் வாசித்தார். சற்று நேரத்தில் முற்றத்தில் காலடி ஓசை கேட்டது. சன்னல் வழியே பார்த்தால், அவர் வாசிப்புக்கு ஒரு கூட்டம் ஆடிக்கொண்டிருக்கிறது! இப்படிப்பட்ட ஆட்டக் கூத்துகளைக் கண்டித்து வந்தவர் அவர். இரவல் வயலினைத் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தமது சொந்த வயலினை எடுத்துத் துண்டு துண்டாக உடைத்துப் போட்டார். அதன்பின் வயலின் தொடவில்லை.

இதை வாசிக்கிற சிலருக்கு அது மிகக் கடுமையாகத் தோன்றும். நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆயினும் இதே மனிதர் பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான சிறுவர் கையில் வாத்தியம் கொடுத்தார் என்பதால், இசையின்மேல் அவருக்குப் பகையில்லை என்பது தெளிவு. தனி ஒருவராகத் தாம் கைத்தட்டல் வாங்குவதை அன்று விட்டார். பிள்ளைகள் கூடி வாசிப்பதைப் பிறகு ஏற்படுத்தினார். வயலின் உடைந்ததற்கு நாம் கொள்ளும் பொருள் இதுவே.

1841 ஜூன் 5ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். தூரின் நகரில் அப்போது கொத்து வேலைக்கும் சுண்ணாம்பு சுமக்கவும் கிராமங்களிலிருந்து வந்த சிறுவர்கள் தெருத்தெருவாய்த் திரிந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், அமலோற்பவ மாதா திருநாளில், பர்த்தலோமேயு கரேல்லி என்னும் அநாதைப் பையன் ஒருவனுக்குப் பூசை அறையில் ஞானோபதேசம் சொல்லத் தொடங்கினார். ஒருவன் பலரானான். பலர் நூற்றுக்கணக்கானார்கள். இரைச்சல் தாங்காமல் இடத்துக்கு இடம் விரட்டப்பட்டார்கள். தொன் போஸ்கோவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று எண்ணி, அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இரண்டு குருக்கள் வண்டியோடு வந்த கதை உங்களுக்குத் தெரியும். அவர்களை மரியாதையாய் முன்னே ஏறச் சொல்லிக் கதவைச் சாத்தி, வண்டிக்காரனை ஓட்டச் சொல்லிவிட்டார்.

1846 ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறு. வல்தொக்கோ என்னும் பகுதியில் பினார்தி என்பவரின் கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. மிகத் தாழ்ந்த கொட்டகை. நிற்க இடம் காண்பதற்குத் தரையைத் தோண்டி இறக்க வேண்டியிருந்தது. உறுதிபூசுதல் கொடுக்க வந்த பேராயர் பிரன்சோனியின் முடி கூரையில் இடித்ததாம். அதே ஆண்டு நவம்பரில் மார்கரீத்தம்மாள் ஊரை விட்டு மகனோடு வந்து, பிள்ளைகளுக்குத் தாயானார்.

அக்கொட்டகையில் மாலைதோறும் பாட்டு வகுப்பு நடந்தது. பெரிய தாள்களில் சுரங்களை எழுதிச் சுவரில் மாட்டி, கூட்டமாக எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கற்பித்தார். அந்நாளில் அது புதுமை. நகரின் இசை ஆசிரியர்கள் வந்து பார்த்துப் போனார்கள்.

முதன்முதலாய் அந்த முற்றத்தில் ஒலித்த பித்தளை வாத்தியம் ஒரு பியூகிள் என்றே தோன்றுகிறது. 1848இல் இத்தாலியில் யுத்தப் பேச்சு. சிறுவர்களுக்கெல்லாம் சிப்பாய் ஆக ஆசை. படையிலிருந்து வந்த புரோசியோ என்னும் இளைஞர், தம் பியூகிளையும் மரத் துப்பாக்கிகளையும் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு அணிவகுப்புக் கற்றுக்கொடுத்தார். ஒரு நாள் இரண்டு கட்சியாய்ப் பிரிந்து போர் விளையாட்டு. பியூகிள் முழங்க, ஜெயித்த கட்சி தோற்ற கட்சியை விரட்ட, மார்கரீத்தம்மாள் பாடுபட்டு வளர்த்த காய்கறித் தோட்டம் முழுவதும் மிதிபட்டுப் போயிற்று. அம்மையார் வேறொரு சமயம் மனம் நொந்து, ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று மகனிடம் சொன்னபோது, அவர் சொன்ன காரணங்களில் இந்தத் தோட்டமும் ஒன்று. மகன் ஒன்றும் பேசாமல் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக்காட்டினார். தாய் புரிந்துகொண்டார், 1856இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பேண்டு பயிற்சியின் இரைச்சலைப் பற்றி நம்மிடம் முறையிடும் தாய்மாருக்கு நாம் இதைவிடத் தேர்ந்த பதில் சொல்ல முடியாது. ஆனாலும் பயிற்சியை இரவு எட்டு மணிக்கு முடிக்கச் சொல்லியிருக்கிறோம்.

1850களின் நடுவில் முறையான வாத்தியக் குழு அமைந்தது. இங்கே காலத்தின் உதவியையும் சொல்ல வேண்டும. பழைய ஊதுகொம்பில் சில சுரங்களே எழும். 1818இல் பிரஷ்யாவில் ஸ்டோல்ட்சல், புளூமெல் என்ற இருவர் வால்வு என்னும் அடைப்பானுக்கு உரிமை பெற்றார்கள். அதன்பின் மூன்று விரலால் எல்லாச் சுரங்களும் வாசிக்கலாம் என்றாயிற்று. 1840களில் பெல்ஜியத்தில் பிறந்த அடால்ப் சாக்ஸ் என்பவர், நமது புனிதரைவிட ஒரே வயது மூத்தவர், சிறியது முதல் பெரியது வரை ஒரே விரல்முறையில் அமைந்த கொம்புகளைப் பாரிசில் செய்தளித்தார். ஒன்றைக் கற்றவன் மற்றதையும் எடுத்து ஊதலாம். ஆகையால் பகலெல்லாம் உழைக்கிற தொழிலாளியும் சில மாதங்களில் ஒரு குழுவில் சேர முடிந்தது. இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் இப்படிக் குழுக்கள் அமைத்தார்கள். 1853இல் மான்செஸ்டர் பெல்வியூ தோட்டத்தில் தொடங்கிய பித்தளைக் குழுப் போட்டி பெரும்புகழ் பெற்றது. நம் தமிழ்நாட்டுக்கும் இது புதிதன்று. தஞ்சையில் 1832இல் மறைந்த இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அரண்மனையிலேயே மேனாட்டுப் பேண்டு வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் அத்தகைய பேண்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார்.

வல்தொக்கோவில் படிக்கிற மாணவர்கள் பெரும்பாலும் பாடற்குழுவில். செருப்புத் தைக்கும், துணி தைக்கும், புத்தகம் கட்டும் தொழிற்பிள்ளைகள் பெரும்பாலும் பேண்டில். இந்த ஏற்பாட்டை நாம் மிகவும் மெச்சுகிறோம். படிப்பில் பின்தங்கியவன் என்று ஊரார் ஒதுக்குகிற பையனுக்கு, மற்றவர் எழுந்து நின்று கேட்கும்படி செய்ய ஒரு காரியம் கிடைத்தது. சிறு குழுவில் ஒளிந்துகொள்ளவும் முடியாது. ஐம்பது பேர் பாடுகையில் ஒருவன் வாயை மட்டும் அசைக்கலாம். பன்னிரண்டு பேர் பேண்டில் ஒரு டிரம்பெட் பிசகினால் கோயில் வாசல் வரை தெரியும். பெரிய டிரம் அடிப்பவனுக்குச் சில இடங்களில் பதினாறு அடவுக்கு ஒரே ஓர் அடி. அந்த ஓர் அடிக்காக அவன் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு நிற்கிறானே, அந்தப் பொறுமையை எந்த ஞானோபதேசப் புத்தகத்தால் கற்பிப்பது? எல்லாம் கூடி வந்து கடைசிச் சுரத்தில் ஒன்றாய் நிற்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.

பேண்டுக்குப் பொறுப்பாயிருந்தவர் யோசேப்பு புசேத்தி. கொத்தனாருக்குக் கையாளாய்ச் சிறுவயதில் தூரினுக்கு வந்து, தொன் போஸ்கோவிடம் சேர்ந்த முதற்பிள்ளைகளில் ஒருவர். வெடிமருந்து விபத்தில் விரலை இழந்தவர். குருவாக முடியாவிட்டாலும் அந்த வீட்டை விட்டு அகலாதவர். புனித செசிலியம்மாள் திருநாள், நவம்பர் 22, வாத்தியக்காரருக்குப் பெருநாள் அல்லவா? அன்று பேண்டுப் பிள்ளைகள் வெளியே போய் விருந்து உண்பது வழக்கமாயிருந்தது. அதனால் ஒழுங்கீனம் வருவதைக் கண்ட தொன் போஸ்கோ ஓர் ஆண்டு அதைத் தடுத்து, வீட்டிலேயே நல்ல விருந்து தர ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் பெரும்பாலோர் சொற்கேளாமல் உணவு விடுதிக்குப் போனார்கள். புசேத்தியும், காலரா நோயில் பெற்றோரை இழந்து வந்த பேதுரு என்ரியா என்னும் இளைஞரும் போகவில்லை. தொன் போஸ்கோ என்ன செய்தார்? பேண்டைக் கலைத்துவிட்டார். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் போனார்கள். புதிய சிறுவரைச் சேர்த்து அரிச்சுவடியிலிருந்து கற்பிக்கும்படி புசேத்தியிடம் சொன்னார்.

எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்து உண்டாக்கிய குழு, திருநாள்கள் நெருங்கி வருகின்றன, ஊரார் கேட்பார்கள். ஆனாலும் வாத்தியம் பிள்ளைகளுக்காக வந்ததே தவிர, பிள்ளைகள் வாத்தியத்துக்காக வரவில்லை என்பதில் அவர் தடுமாறவில்லை. நல்ல வாசிப்பு அவருக்கு வேண்டும். அதைவிட நல்ல பிள்ளை வேண்டும். கல்யாண வீடுகளில் வாசித்துப் பணம் வாங்கிக்கொண்டு ஞாயிறு பூசைக்கு வராத பேண்டுகளைப் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். வாத்தியம் வாங்க நிதி கேட்கிற நம் இளைஞர் இந்த நிகழ்ச்சியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

புதிய பேண்டும் தழைத்தது. இலையுதிர் காலத்தில் தொன் போஸ்கோ பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிராமம் கிராமமாய் நடந்து போவார். மொன்பெராத்தோ என்னும் அந்த நாடு நம் மலைகளைப் போல் ஏற்றமும் இறக்கமுமானது; காப்பிக்குப் பதில் திராட்சைத் தோட்டம். ஊர் எல்லையில் பேண்டு முழங்கும். வேலை செய்கிறவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். வைக்கோல் போரில் தூக்கம், ஊரார் கொடுக்கிற சோறு, காலையில் பாடற் பூசை, மாலையில் நாடகமும் பேண்டும். பகலில் செருப்புத் தைக்கும் பையன் அந்த ஊர்ச் சதுக்கத்தில் ராசாவைப் போல நிற்பான். அவன் வாழ்நாள் முழுவதும் மறக்கக்கூடியதா அது?

1864இல் நடந்த பயணமே மிக நீண்டது. ஜெனோவா வரை போனார்கள். அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள் மாலை, மொர்னேசே என்னும் ஊரை அடைந்தார்கள். முன்னே பேண்டு, ஊரெல்லாம் வரவேற்பு. அக்கூட்டத்தில் தொன் போஸ்கோ பேசியதைக் கேட்டு நின்றவர்களில் மரிய மசரெல்லோ என்னும் 27 வயதுப் பெண்ணும் ஒருவர். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1872இல், அவரும் தொன் போஸ்கோவும் சேர்ந்து சலேசியக் கன்னியர் சபையை நிறுவினார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிப் போகிறோம். புத்தகங்களில் விரிவாக உண்டு. 1859 டிசம்பர் 18இல் சலேசியர் சபை தொடங்கிற்று. 1868 ஜூன் 9இல் சகாய அன்னையின் பேராலயம் வல்தொக்கோவில் அபிஷேகமாயிற்று. பினார்தி கொட்டகையில் முடி இடித்த இடத்துக்கு அருகே, இப்போது குவிமாடம்! அந்தத் திருவிழாவின் இசைக்குப் பொறுப்பாயிருந்த யோவான் கல்யேரோ சுவாமி அங்கேயே வளர்ந்த பிள்ளை. 1875இல் முதல் மறைபரப்புக் குழுவை அர்ஜென்டினாவுக்கு நடத்திச் சென்றவரும், பின்னாளில் கர்தினாலானவரும் அவரே. தோலியானி என்னும் துறவறச் சகோதரர் பேண்டையும் பாடற்குழுவையும் நெடுங்காலம் வளர்த்தார். சலேசியர் போன இடமெல்லாம் பள்ளிக்கூடம், தொழிற்கூடம், விளையாட்டுத் திடல் இவற்றோடு பேண்டும் போயிற்று. இந்தியாவில் அவர்கள் முதலில் வந்திறங்கியது 1906 ஜனவரியில், தொமாத்திஸ் சுவாமியின் தலைமையில், நமது தஞ்சாவூருக்கே. சரபோஜியின் பேண்டு ஒலித்த அதே ஊர். நம் ஏற்காட்டில் சலேசியரின் ரிட்ரீட் இல்லத்தை அறியாதவர் யார்?

இந்த மலையில் வாத்தியம் பழகுவதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஏறக்குறைய 5,000 அடி உயரத்தின் குளிரில் பித்தளைக் குழலின் சுருதி இறங்கிவிடும். தோல் டிரம் ஈரத்தில் தொய்ந்து போகும். பவனி புறப்படுமுன் குழலை வாயோடு வைத்து ஊதிச் சூடேற்றாவிட்டால், முதற்பாட்டு முழுதும் மாதாவே பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். 1894 முதல் குளூனிக் கன்னியரும் 1917 முதல் மொன்போர்ட் சகோதரரும் இங்கே பள்ளிகள் நடத்தி வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் குளிருக்குப் பழக்குவது எப்படியென்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

தொன் போஸ்கோ 1888 ஜனவரி 31ஆம் நாள் அதிகாலையில் தூரினில் உயிர்நீத்தார். வயது 72. உடல் தேய்ந்துபோன வயோதிகரை இறுதி நாட்களில் அருகிருந்து பராமரித்தவர் பேதுரு என்ரியா. செசிலியம்மாள் திருநாளில் விடுதிக்குப் போகாமல் நின்ற அதே என்ரியா. புசேத்தி சில ஆண்டுகள் கழித்து இறந்தார். 1934 ஏப்ரல் 1ஆம் நாள், உயிர்ப்புத் திருநாளில், பதினோராம் பத்திநாதர் தொன் போஸ்கோவைப் புனிதராக அறிவித்தார்.

வருகிற ஜனவரி 31 அன்று மாலைப் பூசைக்குப் பின், கோயில் முற்றத்தில் நம் பிள்ளைகள் வாசிப்பார்கள். பன்னிரண்டு பேர், எட்டு வாத்தியம் நம்முடையது, நான்கு இரவல். கம்பளி போர்த்திக்கொண்டு வாருங்கள்.